சித்தியின் இரண்டு பற்கள்

அடிபம்பின் கைப்பிடி எகிறி அடித்ததில் சித்திக்கு முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. அதன்பிறகு பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயின. தகவல் வரவேயில்லை.

நான் நான்காவது படித்தபோது வாலிகண்டபுரத்தில் பல் முகாம் தொடங்கியது. அரசாங்கம் சுகாதார நிலையத்தில் ஓர் அறையையும் நர்சம்மாவையும் கொடுத்தது. பெரம்பலூர் வியாபாரிகள் சங்கம் சாய்வு நாற்காலியையும், திருச்சியில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரையும் கொண்டுவந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசில்லாமல் வைத்தியம்.

சித்தியின் வாயில் ரோஸ் நிறப் பசையை வைத்து அளவு எடுத்த டாக்டர், அடுத்த மாதம் பல் தருவதாகச் சொன்னார். அந்த அடுத்த மாதம் முகாம் நடக்கவில்லை. வாசல் பலகையில் யார் பெயர் மேலே இருப்பது என்று அதிகாரிகளுக்கும் சங்கத்துக்கும் மனத்தாங்கல். நாற்காலி வேனில் ஏறிப் பெரம்பலூருக்கே போய்விட்டது. சித்தி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் நர்சம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பல்லு தயாரா இருக்குன்னு டாக்டர் லெட்டர் போட்டிருக்காரும்மா. நாளைக்கி எனக்கு லீவு. திருச்சிக்குப் போயிட்டு வந்துருவோம்.”

“முகாமே நின்னு போச்சேங்க,” என்றாள் சித்தி.

“பலகைக்குத்தான் சண்டை. ஒன் வாய்க்கு என்ன வந்துச்சு?”

சித்திக்குத் துணையாக என்னையும் அனுப்பினார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். சித்தியின் பெயர் ஒட்டியிருந்தது. பல்லைப் பொருத்தி, இரண்டு முறை கழற்றி ராவி, மறுபடி பொருத்தினார்.

“இது கவருமெண்டு பல்லா, சங்கத்துப் பல்லான்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

சித்தி கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமலே, “எம்பல்லுன்னு சொல்லுவேங்க,” என்றாள்.

நர்சம்மா சிரித்தார். டாக்டரும் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நர்சம்மா அதைப் பார்த்தும், தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒரே கவலை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்:

“டாக்டரு அளவு தப்பா எடுத்துட்டாரும்மா. சித்திக்கு வலி தாங்கல. வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்துச்சு.”