ஷூ முனையில் ஒரு வட்டம்

வட்டம் எங்கே போனாலும் வட்டமாகவே இருக்கும் என்று நம்பியிருந்தேன். தலை நரைத்த ஒருவன் வெளியில் சொல்லக்கூடிய நம்பிக்கையா இது? என் வேலை அப்படி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கும் ஸ்டிக்கருக்கும் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவன் நான். அட்டை தட்டையானது. அதில் போட்ட வட்டம் கப்பலேறிப் போய் இறங்கினாலும் வட்டம்தான்.

ஷூ டிசைன் செய்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போனார். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு ஆர்டர் பேசுகிற எங்கள் மேடம் என்னைக் கூப்பிட்டார். "குழந்தைங்க ஷூ சார், சிம்பிளா போதும். வெள்ளிக்கிழமை பையர் வர்றார். அவருக்குப் பிடிச்சிருந்தா இனிமே ஷூ டிசைன் உங்ககிட்டதான்." இத்தனை காலம் பெட்டிக்கு வெளியே இருந்தவனுக்குப் பெட்டிக்குள் இடம்!

வெள்ளை ஷூ. முனையில் சிவப்பு வட்டம், பக்கவாட்டில் மஞ்சள் சதுரம், குதிகாலில் நீல முக்கோணம். ஒன்றாம் வகுப்புச் சுவரில் இருப்பவைதான். ஆனால் எது பெரிது, எது சிறிது, நடுவில் எவ்வளவு வெள்ளை விடுவது என்று மவுஸைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் திரையைப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. நர்ஸாக இருக்கும் என் மனைவிக்குப் படத்தை அனுப்பினேன். அவள் வார்டு முழுக்கக் காட்டிவிட்டாள். சர்ச்சில் முகம் தெரியாதவர்களும் கைகொடுத்தார்கள்.

மாதிரி ஷூ தைக்கிற சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர் என் வாணியம்பாடி நண்பர். முதல் ஜோடியை மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா தோஸ்த், முனையில முட்டை வெச்சிருக்கே? சத்துணவு ஷூவா?"

தட்டையாக வெட்டித் தைத்த தோலைக் கால் வடிவ அச்சின் மேல் போர்த்தி, மெஷின் இடுக்கியால் பிடித்து இழுக்கும். முனையில்தான் இழுப்பு அதிகம். வட்டம் நீண்டு முட்டையாகியிருந்தது. முக்கோணம் மட்டும் தப்பித்திருந்தது. ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்றால், அட்டைப்பெட்டியை யாரும் இழுப்பதில்லையே!

முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "அது ஸ்டைல்" என்றேன்.

"சதுரம் பஸ்ல தூங்கறவன் மாதிரி சாஞ்சிருக்குதே, அதுவும் ஸ்டைலா?"

என் மூளை அப்போதுதான் ஆபத்தான வேகத்தில் வேலை செய்தது. இழுத்தால் நீளுகிறதா? முதலிலேயே நசுங்கிய வட்டமாக வரைந்துவிட்டால் இழுத்ததும் சரியாகிவிடும். வரைந்தேன். மதியத்துக்குள் ஷூ வேண்டும் என்று சாம்பிள் ரூம் வாசலிலேயே நின்றேன். இடது கால் ஷூவில் வட்டம் பௌர்ணமி போல வந்தது. வலது காலில் கத்தரிக்காய்.

"அது மாட்டு வயித்துப் பக்கத் தோலு, ஜாஸ்தி இழுக்கும்" என்றார் நண்பர். "ஜோடி பாத்து வெட்ட வுட்டியா நீ? வாசல்ல நின்னு பேஜார் பண்ணே, கைக்கு வந்த துண்டுல வெட்டிட்டாங்க."

இனித் தோலில் வட்டமே ஒட்ட வேண்டாம், சின்னச் சின்னத் துளைகளை வளையமாகக் குத்திவிடலாம் என்று அடுத்த யோசனை. புள்ளி எப்படி நசுங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது அல்லவா? உண்மைதான், ஒரு துளையும் கோணலாகத் தெரியவில்லை. எல்லாத் துளைகளும் ஒற்றுமையாகச் சேர்ந்து ஒரு முட்டையைக் காட்டின.

வீட்டில் தோசைக்கல் முன்னால் நின்ற மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன்.

"என் தோசை என்னிக்குங்க வட்டமா வந்துச்சு? நீங்க சாப்பிடலயா?"

"உன் தோசையப் பாக்க பையர் வர்றதில்ல."

"வந்தா சட்னி ஊத்தி மறைச்சிடுவேன். நீங்க இன்னா ஊத்துவீங்க? வார்டுல வேற தெனமும் கேக்கறாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஜோடி பார்த்து வெட்டிப் புதிதாகத் தைக்க நேரமில்லை. பௌர்ணமி இருந்த இடது கால் ஷூவை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு, எளிய வடிவங்களின் பெருமை பற்றி மனப்பாடம் செய்த ஆங்கிலத்தோடு நின்றேன். பையர் எடுத்தார், திருப்பினார், சிரித்தார். மேடம் முகம் மலர்ந்தது. நான் வாயைத் திறக்கும் முன் பையர் கேட்டது ஒன்றுதான்: இன்னொரு கால் எங்கே?

கத்தரிக்காயைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

ஷூவின் அடிப்பாகம் அவருக்குப் பிடித்திருந்ததால் ஆர்டர் கிடைத்தது. மூன்று வடிவங்களையும் எடுத்துவிட்டு வெறும் வெள்ளையாக அனுப்பச் சொன்னார். அடுத்த மாதம் ஷூ டிசைனுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள்.