வாங்கில் இருந்தவனுக்கு முதல் மாலை

பெனர் அடித்தால் அப்படி அடிக்க வேண்டும். விளையாட்டுக் கழகத் தலைவர் கதிர்காமத்தம்பியின் முகம் சுளகு அளவில். பக்கத்தில் கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர் சாமித்தம்பியின் முகம், ஒரு சுற்றுச் சிறியது. செயலாளர், பொருளாளர், ஒலிபெருக்கி கொடுத்தவர் என்று ஆளுக்கொரு வட்டம். கீழ் மூலையில் முத்திரை அளவில் நிதுர்ஷன். ‘எங்கள் மண்ணின் மைந்தனை வாழ்த்துகிறோம்’ என்று எழுத்து வேறு. அந்த மைந்தன் எவன் என்று கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருந்தது.

நிதுர்ஷனைப் பெற்ற கேதீஸ்வரி சந்தியில் நின்று அதை ஏற இறங்கப் பார்த்தாள். வாவிக்கரை வாடியில் இறால் உரித்துவிட்டு வருகிறாள். கையில் கவிச்சி இன்னும் போகவில்லை.

“ஆருக்குக்கா இந்தப் பெனர்? தலைவருக்குக் கலியாணமா?” என்று கூட வந்த இராசாத்தியிடம் கேட்டாள். இராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே கழகம் வாவியோர மைதானத்தில்தான் உதைபந்து விளையாடியது. கோல் பக்கம் முழுக்கச் சிப்பி ஓடு. பாய்ந்தால் முழங்கால் கிழியும். எவனும் நிற்க மாட்டான், ஆகவே நிதுர்ஷனைப் பிடித்து நிறுத்தினார்கள். வாவிக்குள் விழுந்த பந்தை நீந்திப்போய் எடுத்து வருவதும் அவன் வேலைதான். கழகத்துக்கென்று வந்த கையுறையைத் தலைவரின் மருமகன் மோட்டார் சைக்கிள் ஓடப் போட்டுத் திரிந்தான். நிதுர்ஷன் தாயின் இறால் உரிக்கும் இறப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு பாய்ந்தான். ‘கோலுக்க மீன் மணக்குது’ என்று மற்றப் பொடியன்கள் மூக்கைப் பொத்தினார்கள். மணந்தது உண்மைதான், பந்து மட்டும் உள்ளே போகவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் இந்த ஊர்க்காரர் இல்லை. ஏறாவூரில் நடந்த ஒரு போட்டியில் அங்கத்தைய பொடியன்களைப் பழக்கும் அஸாம் சேர்தான் பார்த்தார். கொழும்பில் ஒரு தொழில்முறைக் கழகம் ஆள் தேடுகிறது, கூட்டிப் போகிறேன் என்றார். போக்குவரத்துக்குக் கழக வான் தருவீர்களா என்று கேதீஸ்வரி தலைவரின் வாசலில் போய் நின்றாள்.

“பந்து பிடிச்சா வயிறு நிறையுமா? பேசாமப் பொடியனக் கத்தாருக்கு அனுப்புகா, தகப்பனோட நிக்கட்டும்” என்றார் கதிர்காமத்தம்பி. வான் அன்று அவரது மச்சானின் பந்தல் சாமான் ஏற்றப் போனது. அஸாம் சேர் தன் ஆட்டோவில் பஸ் நிலையம் வரை கொண்டுபோய், கூடவே கொழும்புக்கும் போனார்.

கொழும்புக் கழகம் அவனை எடுத்தது. எடுத்தது என்றால் மூன்றாவது கோல் காப்பாளனாக. முதல் வருடம் முழுக்க மைதான ஓரத்தில், மாற்று ஆட்டக்காரர் குந்தும் வாங்கில் இருந்தான். மறு வருடம் களுத்துறைப் பக்கம் ஒரு சிறிய அணிக்கு அவனை இரவலாகக் கொடுத்தார்கள். சேற்று மைதானம், தெரியாத சிங்களம், தன் முன்னால் நிற்பவர்களைக் கத்தி நிறுத்தக்கூட வார்த்தை இல்லை. ஒரு நாள் ஐந்து கோல் விட்டுவிட்டு, தொலைபேசியில் தாயிடம் அழுதான்.

“அஞ்சுதானே போச்சு? ஆறாவதப் பிடிச்சியா? மறுகா என்ன அழுகை? போய்ச் சோறு தின்னு” என்றாள் கேதீஸ்வரி. தொலைபேசியை வைத்துவிட்டு அவளும் அழுதாள், அதை அவனிடம் சொல்லவில்லை.

இரவல் முடிந்து திரும்பி வந்தும் வாங்குதான். ஊர் சும்மா இருக்குமா? “வாங்குல குந்தியிருக்கக் கொழும்புக்குப் போகோணுமா? நம்மட பஸ் தரிப்பிடத்துலயும் வாங்கு இரிக்கே” என்று தலைவர் தேநீர்க் கடையில் ஒரு பகிடி விட்டார். அதையே இரண்டு வருடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மனுசனுக்கு வேறு பகிடி தெரியாது.

பிறகு, பயிற்சியில் அவன் பாய்வதைப் பார்த்த தேர்வாளர்கள் தயவில், இளையோர் தேசிய அணிக்கான பயிற்சிக் குழாத்தில் நிதுர்ஷனின் பெயர் வந்தது, பத்திரிகையில் படமும் வந்தது. அவ்வளவுதான், ‘நான் வளர்த்த பொடியன்’ என்று கிளம்பிவிட்டார் கதிர்காமத்தம்பி. கோயில் சடங்குக்கு லீவில் வந்தவனுக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தார். வெட்கம் என்பது சந்தையில் விற்கும் சாமான் என்றால் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

விழா நாள் விடியலில் கொழும்புக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. முதல் காப்பாளனுக்கு விரல் முறிந்துவிட்டது, இரண்டாமவன் காய்ச்சலில் கிடக்கிறான். நாளைக்குப் போட்டி. பின்னேரம் முகாமுக்கு வந்தால் நீ நிற்கிறாய், வராவிட்டால் வேறு கழகத்தில் ஆள் பிடிக்கிறோம் என்றார் பயிற்றுவிப்பாளர். கல்முனையிலிருந்து வரும் கொழும்பு பஸ் ஒன்பது மணிக்குச் சந்தியைத் தாண்டும். அதை விட்டால் இரவுதான்.

பையோடு வெளிக்கிட்டவனைத் தலைவர் வீட்டு வாசல் படலையிலேயே மறித்தார். “எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து நிமிசத்துல முடிச்சிருவம். ஊர அவமதிச்சுப்போட்டா போகப்போறாய்?”

எட்டு மணிக்குக் கழக மண்டபத்து மேடையில் எல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தது. குத்துவிளக்கு எரிந்தது, பின்னால் அதே பெனரில் இன்னொன்று, பரிசாகக் கொடுக்கச் சட்டம் போட்ட நிதுர்ஷனின் படம். தட்டத்தில் இரண்டு மாலை. அந்த இரண்டில்தான் வந்தது வினை.

“முதல் மாலை எங்கட குடிதான் போடோணும். கோயில்ல முதல் மரியாதை ஆருக்கு?” என்று எழும்பினார் வண்ணக்கர். இந்த ஊரில் கோயில் மரியாதை எல்லாம் குடி என்ற வம்சக் கணக்குப்படிதான்.

“இது கோயிலா? கழகம். கழகத்துக்குத் தலைவர் நான்” என்றார் கதிர்காமத்தம்பி.

“உன்ர தலைவர் பதவி போன தேர்தல்ல வந்தது. எங்கட குடி எப்ப வந்தது தெரியுமா?”

அப்புறம் கேட்கவா வேண்டும்! யாருடைய பூட்டன் தேர் வடத்தை முதலில் பிடித்தார் என்பது வரைக்கும் போனது பேச்சு. சபை இரண்டாகப் பிரிந்து கை நீட்டிக் கத்தியது. நிதுர்ஷன் நடுவில் கதிரையில் இருந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். எட்டரை தாண்டியிருந்தது.

கேதீஸ்வரி எழும்பினாள். “குடி தாய்வழிதானே வாறது? பிள்ள என்ர குடி. எங்கட குடிய ஆரும் கேட்டயளா?”

“உங்கட குடிக்குக் கோயில்ல வெத்திலத் தட்டமே இல்லயேகா. நீ சும்மா இரி” என்றார் வண்ணக்கர். இதில் மட்டும் தலைவரும் அவரும் ஒரே கட்சி, இருவருமே தலையாட்டினார்கள்.

அவள் மகனின் பக்கம் குனிந்தாள். “மனே, பையத் தூக்கு. பின்கதவால போ.”

“அம்மா, மரியாதையில்லாம எப்படி...”

“அவங்க மரியாதையப் பங்குபோட்டு முடிக்க நீ கிழவனாயிருவாய். ஓடு!”

அவன் ஓடினான். மேடையில் நின்ற ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்திப் பக்கம் பஸ் ஹோர்ன் கேட்டது, நின்று புறப்படும் இரைச்சலும் கேட்டது. கேதீஸ்வரி அன்றைக்கு முதன்முதலாக ஒழுங்காக மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகும் பத்து நிமிடம் கத்திவிட்டு, இருவரும் சேர்ந்தே போடுவது என்று சமாதானமாகித் திரும்பினார்கள். கதிரை வெறுமையாக இருந்தது.

“எங்க பொடியன்?”

“பஸ்ஸுல போயிற்றான்” என்று வாசலில் நின்ற யாரோ சொன்னார்கள்.

தலைவர் கையில் மாலை, முன்னால் படப்பிடிப்பாளர், பேஸ்புக்கில் நேரலை வேறு. மனுசன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “அதுக்கென்ன, படம் இரிக்குத்தானே” என்றார். சட்டம் போட்ட படத்தைக் கதிரையில் நிறுத்தி மாலையைப் போட்டார். வண்ணக்கர் விடுவாரா, அவரும் போட்டார். இருவரும் படத்துக்கு இரு பக்கமும் நின்று சிரித்தார்கள்.

சபை எட்டிப் பார்த்தது. எரிகிற விளக்குக்குப் பக்கத்தில், பூமாலைக்குள், இருபது வயதுப் பிள்ளையின் முகம். செத்த வீட்டில்தான் இப்படி வைப்பார்கள். இராசாத்தி ‘ஐயோ’ என்று நெஞ்சில் கை வைத்தாள்.

கேதீஸ்வரி மேடையில் ஏறினாள். கண்ணால் நீர் வடிந்தது, துடைக்கவில்லை. படத்திலிருந்து இரண்டு மாலையையும் கழற்றினாள். படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு எட்டி, பெனரின் கயிற்று முடிச்சில், கதிர்காமத்தம்பியின் சுளகு முகத்துக்கு மேல் ஒன்றும், வண்ணக்கரின் முகத்துக்கு மேல் மற்றதுமாகத் தொங்கவிட்டாள்.

“இப்ப நல்லா எடுப்பா இரிக்கு” என்றாள். “உசிரோட இரிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இது? நீங்களே வச்சிரிங்க.”

நேரலை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை.

அடுத்த நாள் நிதுர்ஷன் கோலில் நின்றான். ஒன்றை விட்டான், மூன்றைத் தடுத்தான், அவன் அணி இரண்டுக்கு ஒன்றில் வென்றது. கேதீஸ்வரி அதை இராசாத்தியின் தொலைபேசியில் பார்த்துவிட்டு வாடிக்கு நடந்தாள். சந்தியில் பெனர் இல்லை. விடியலிலேயே கழற்றிவிட்டார்களாம், தலைவரே ஆள் வைத்து.