எஸ்தர் தன் வீட்டிலேயே இருந்தார்

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெரு அம்மாள் வந்து வாசலில் நின்றார். "எஸ்தர் டீச்சர் தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா" என்றார். முறத்தைப் போட்டது போட்டபடி ஓடினேன். தன் வீட்டில், தன் கட்டிலில், போர்வை கலையாமல் படுத்திருந்தார்.

தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் பாட்டுப் படித்தவர்களுக்கும் அவரைத் தெரியும். பார்வை போன பிறகு அவர் எப்படித் தனியாகக் குடித்தனம் நடத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், அதே பள்ளியில் டீச்சர்களாக இருந்த நாங்கள் இருவரும் நாற்பதை நெருங்கியபோது, கண்ணில் நீர் அழுத்தம் கூடி அவருக்குப் பார்வை முழுதாகப் போயிற்று. இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருச்சியிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார்.

"எங்களோட வந்துடும்மா. ஒரு ரூம் ஒதுக்கித் தர்றோம். நீ சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருக்கறதுதான் அண்ணா எனக்குப் பயமா இருக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடுங்க. முடியலைன்னா நானே வந்துடறேன்."

மறுநாளே அடுப்படிக்குள் போனார். முதல் வாரம் கஞ்சி கொட்டி மணிக்கட்டு வெந்தது. நான் கரண்டியை வாங்கப் போனேன். "இன்னிக்கு நீ செஞ்சுட்டா நாளைக்கு நான் என்ன பண்ணுவேன் மாலதி? வாயால சொல்லு. கையைக் கட்டிக்கோ" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சுலபமாக இல்லை.

ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். உப்பு ஜாடியின் கழுத்தில் நூல் கட்டினார். சர்க்கரை பாட்டிலுக்குக் கட்டவில்லை. டம்ளரில் காபி நிறைவதைச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். புடவையின் உள்பக்கம் எது என்று தெரிய ஓரத்தில் ஒரு தையல் போட்டார். கதவை மட்டும் ஒருபோதும் பாதி திறந்து வைக்க விடமாட்டார். "முழுசாத் தொற, இல்ல முழுசா மூடு. பாதிக் கதவுதான் நெத்தியில இடிக்கும்" என்பார்.

கிறிஸ்துமஸ் வந்தது. அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி நல்ல மனசுக்காரர். பண்டிகை வேலையெல்லாம் முடிந்ததும், நாத்தனாருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அடுப்படியைத் துடைத்து, டப்பாக்களை அளவுவாரியாக அடுக்கிவைத்தார்.

மறுநாள் காலை நான் போனபோது எஸ்தர் காபி போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கு நீண்ட கை எண்ணெய் பாட்டிலைத் தட்டிவிட்டது. அது விழுந்து உடைந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"பாத்தியாம்மா? இதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எஸ்தர் தடவிப் பார்த்து ஸ்டவ்வை அணைத்தார். "அண்ணி, நீங்க அன்பாத்தான் செஞ்சீங்க. ஆனா இந்த அலமாரிதான் இப்ப எனக்குக் கண்ணு. அதை எடுத்து வேற இடத்துல வெச்சுட்டீங்க" என்றார்.

அண்ணி அழுதுவிட்டார். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க மட்டும் என்னிடம் சொன்னார் எஸ்தர். பிறகு எல்லா டப்பாக்களையும் தரையில் இறக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு, முகர்ந்து, பழைய இடத்தில் வைத்தார். மிச்சப் பாலில் காபி கலந்து அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் குடித்து முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.

அன்று மாலை அண்ணனும் அண்ணியும் மட்டும் ரயில் ஏறினார்கள். "இவளைப் பாத்துக்கோங்க டீச்சர்" என்று அண்ணன் என்னிடம் சொன்னது எஸ்தர் காதில் விழுந்துவிட்டது. "பாத்துக்க வேணாம். வந்து போனா போதும்" என்றார்.

அதன் பிறகு எஸ்தருக்குப் பள்ளியில் பாட்டு வகுப்பு கிடைத்தது. பார்வை குறைந்தவர்களின் வீட்டார் கூடுவாஞ்சேரியிலிருந்துகூட அவரைத் தேடி வந்தார்கள். கணவருக்குச் சோறு ஊட்டிவிடுவதாகச் சொன்ன ஓர் அம்மாளிடம், "தட்டுல எது எங்க இருக்குன்னு சொல்லுங்க. அவர் சாப்பிடுவார்" என்று மட்டும் சொன்னார்.

பார்வை போன பிறகு நாங்கள் சேர்ந்து நடந்த முதல் நாள் அவர் கையைப் பிடித்து நான் முன்னால் இழுத்துப் போனேன். அவர் நின்றுவிட்டார். "நீ என்னைப் பிடிக்காதே. நான் உன்னைப் பிடிச்சுக்கறேன்" என்று என் முழங்கையை லேசாகத் தொட்டுக்கொண்டார். இப்போது தாம்பரம் ஸ்டேஷன் படியில் யாராவது தடுமாறினால், நான் பாய்ந்து கையைப் பிடிப்பதில்லை. பக்கத்தில் போய் முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். வேண்டியவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.