மறுபக்கமும் பார்த்த பிறகுதான்

கால்நடை மருத்துவமனையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் ‘மறுபக்கம்’. சினை பார்க்க மாட்டுக்குள் ஸ்கேன் கருவியோடு கையை விட்டால், மறுபக்கமும் பார்க்காமல் எடுக்க மாட்டாள். அவள் ஆறு மாடு பார்ப்பதற்குள் மற்றவர்கள் பத்தை முடித்துவிடுவார்கள்.

முன்பு அவளும் பத்தை முடித்தவள்தான். பசுவின் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். போன வருஷம் ஒரு பால்பண்ணைக்காரம்மாவின் பசுவுக்கு வலக்கொம்பில் ஓர் இதயம் துடித்தது. ஒன்று என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவினாள். இடக்கொம்பிலும் ஒன்று இருந்தது. ஈன்ற அன்று முதல் கன்று விழுந்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது உள்ளே குறுக்கே மாட்டிக்கொண்டது. கன்றும் போயிற்று, பசுவும் போயிற்று. அக்கா பண்ணை வாசலில் நின்று, தப்பு என்னுடையது என்றாள். அந்தம்மா கதவைச் சாத்தினார். இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு என்று நான் போனில் மன்றாடினேன். சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டாள்.

இந்த வருஷம் அந்தப் பசுவின் மகளுக்கு ஒன்றரை மாதச் சினை. பண்ணைக்காரம்மா டாக்டரை மட்டும்தான் கூப்பிட்டார். ஸ்கேன் பார்ப்பவள் அக்கா என்பதால் அவளையும் உள்ளே விடவேண்டியதாயிற்று.

வலக்கொம்பில் ஒரு துடிப்பு. இடக்கொம்பு காலியாகத் தெரிந்தது. கிளம்பலாம் என்றார் டாக்டர். அக்கா கையை எடுக்கவில்லை. பசு உதறியது, சாணம் தோள்வரை வழிந்தது.

“உள்ள வளையல் கிளையல் தொலைச்சிட்டியாம்மா?” என்றார் பண்ணைக்காரம்மா.

அவள் இரண்டு பக்கமும் முட்டை உருவாகும் சினைப்பைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். முட்டை வெளியேறிய இடத்தில் சின்ன மேடு எழும்பியிருக்கும். வலப்புறம் ஒன்று இருந்தது. இடப்புறமும் ஒன்று.

“ரெண்டு முட்டை வந்திருக்கு. இன்னொண்ணு தங்குச்சா இல்லையான்னு தெரியாம நகர மாட்டேன்.”

பசுவைச் சற்று ஆசுவாசப்படுத்திவிட்டு மறுபடி கையை விட்டாள். இடக்கொம்பு கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. அதன் நுனிவரை பொறுமையாகத் தொடர்ந்து போனபோது திரையில் ஒரு கறுப்புக் குளம். நடுவே கட்டைவிரல் நுனியளவு ஓர் உயிர், மினுக்மினுக்கென்று.

திரையை அந்தம்மா பக்கம் திருப்பினாள். அவர் கிட்டே வந்து பார்த்தார்.

“அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்மா. நான்தான் பாக்கல.”

அதற்குமேல் அந்தம்மா பழையதைப் பேசவில்லை. என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டார். பால் கறப்பதை வழக்கத்தைவிட ஒரு மாதம் முன்பே நிறுத்தணும், தீவனத்தைக் கூட்டணும், ஈனும் நாள் முந்தும், வலி எடுத்ததும் என்னைக் கூப்பிடணும் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அவள் சொன்னபடியே, நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வலி எடுத்தது. முதல் கன்று சுலபமாக விழுந்தது. யாரும் நகரவில்லை. இரண்டாவது பின்னங்கால் முன்னாக வந்தது. அக்கா கால்களைப் பிடித்து, பசு முக்கும்போதெல்லாம் இழுத்து வெளியே கொண்டுவந்தாள். கன்று தும்மியது.

எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில் அவள் புதிதாக ஒரு கையுறையை மாட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டார். “ரெண்டும்தான் வந்தாச்சே, இன்னும் என்ன?”

பசுவின் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பண்ணைக்காரம்மா சொன்னார்:

“நீங்க சும்மா இருங்க டாக்டர். அவ பாத்து முடிக்கட்டும்.”