விபூதியில் தெரிந்த பேரிங் நம்பர்

அப்பா சாமி கும்பிட்டுவிட்டு வைத்த பித்தளைத் தட்டில் விபூதி சிந்தியிருந்தது. விரலால் துடைத்தேன். வழவழவென்று தேய்ந்துவிட்டதாக நான் நினைத்திருந்த ஓரத்தில், யாரோ எப்போதோ பொறித்த பெயர் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மேலே இருந்த தூள் என் விரலோடு வந்துவிட்டது. பள்ளத்தில் இருந்தது அங்கேயே தங்கிவிட்டது. அவ்வளவுதான், விபூதிக் கிண்ணத்தோடு லாரிக் கொட்டகைக்கு ஓடினேன். ஒன்பது வயதில் நான் எங்கேயும் நடந்து போனதாக ஞாபகமில்லை.

கொட்டகையில் எங்கள் கரும்பு லாரி வயிறு பிளந்து நின்றது. இன்ஜினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரும்புப் பெட்டியைக் கழற்றி, சாக்கின்மேல் பரப்பியிருந்தார் மாமா. அம்மாவுக்கு அண்ணன். எங்கள் தீவில் ஆட்சி கவிழ்ந்த வருஷம் அது; எங்கள் ஊர் சபேட்டோவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கும் ஆக்லாந்து விசா வந்துவிட்டது. நாங்கள் போகவில்லை. அவர் விமானம் ஏறுவதற்குள் லாரி ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய கரும்பு வயலிலேயே காயும் என்பது எனக்கே தெரியும்.

தேவைப்பட்டது ஒரே ஒரு பேரிங். லாரியின் பெயரைச் சொல்லி லௌடோகா டவுனில் வாங்கிவந்தது உள்ளளவும் வெளியளவும் சரியாக இருந்தும், பூட்டியதும் தண்டு சுற்ற மறுத்தது. உள்ளே இருக்கும் உருளைகளின் சாய்வு வேறு என்றார் மாமா. பழைய பேரிங்கின் வளையத்தில் நம்பர் இருந்திருக்கும். ஆனால் மச்சான் கையில் அழுக்காகக் கொடுக்கலாமா என்று அப்பா அதை உப்புத்தாளால் முகம் தெரியுமளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்.

அந்த வளையத்தில் விபூதியை அப்பித் துடைத்தேன். எண்கள் மெலிந்து, ஆனால் வரிசையாக வந்தன. ஓர் எண் மட்டும் மூன்றா எட்டா என்று அப்பாவும் மாமாவும் வெயிலில் பிடித்துச் சண்டை போட்டார்கள். இன்னொரு முறை அப்பினேன். எட்டு.

“பேரிங்குக்கே பட்டை போட்டுட்டா உங்க பொண்ணு,” என்றார் மாமா. “நீங்க தேய்ச்ச தேய்ப்புக்கு இதாவது மிச்சம் இருக்குதே மாப்ளே.”

இந்த முறை கடையில் லாரியின் பேச்சையே எடுக்கக் கூடாதென்று மாமா முடிவு செய்தார். நம்பரை மட்டும் சொன்னார். லாரி சாமான் விற்கும் கடையில் அது இல்லை. நியூஸிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டுமாம். எதிரே டிராக்டர் கடை. அங்கே இருந்தவர் நம்பரைக் கேட்டதும் அலமாரியில் கை விட்டு எடுத்துக் கொடுத்தார். டிராக்டரின் முன் சக்கரத்தில் இருப்பதும் அதேதான். எந்த வண்டிக்கு என்று அவர் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் லாரி ஆற்றங்கரை மேட்டில் முனகாமல் ஏறியது. லாரியின் பின்தட்டில் நின்று கத்திக்கொண்டே போனேன்.

மறுநாள் மாமா அதே பெட்டியை மறுபடி கழற்றச் சொன்னார்.

“நேத்து நான் போட்டேன். இப்ப நீங்க ஒண்டியா போடுங்க மாப்ளே.”

அவர் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வேரை இடித்துக் கரைத்த யங்கோனா குடித்தார். இடையில் வைக்கும் மெல்லிய தகட்டை அப்பா மறந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவே கண்டுபிடித்துத் திரும்பப் பிரிக்கும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக ஓடுவதை எதற்குப் பிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே கோபம்.

மாமாவை நாந்தியில் விமானம் ஏற்றிவிட்டு அந்த லாரியிலேயே திரும்பினோம். கியர் மாற்றும்போதெல்லாம் அப்பா காதைச் சாய்த்தார்.

“மூணாவது கியர்ல ஒரு சத்தம் வருது. சனிக்கிழம கியர்பாக்ஸப் பிரிக்கணும். கூட ஒரு ஆள் இருந்தா போதும்.”

எங்கள் ரோட்டில் இன்னும் மிச்சமிருந்த ஆம்பளைகளை ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தேன். எல்லோருக்கும் தலையை ஆட்டி வேண்டாமென்றார். கடைசியில், “சனிக்கிழம உனக்கு ஸ்கூல் இல்லதானே?” என்றார்.

இல்லை என்றேன். அதற்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று வீடு வரும்வரை யோசித்தும் பிடிபடவில்லை.