மைக் வேண்டாம் அண்ணி

இதை எழுதி முடித்ததும் முதலில் படிக்கக் கொடுத்தது என் நாத்தனாரிடம்தான். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தாள். ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு, கோயில் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு. "சீர்காழிக்கும் பூம்புகாருக்கும் நடுவுலன்னு மட்டும் போடுங்க அண்ணி, போதும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரு சொல்லாம ஒரு விஷயத்தைச் சொல்றது உங்களுக்கு வராது. அதான் நானே பாத்துட்டேன்" என்றாள். இந்த விஷயத்தில் அவளோடு மல்லுக்கு நிற்க எனக்கு வாய் கிடையாது. அவள் மகளிடமும் கேட்டாகிவிட்டது. அவள் இப்போது எட்டாம் வகுப்பு. "எழுதுங்க அத்தை, நல்லா எழுதுங்க" என்று பெரிய மனுஷி போல அனுமதி கொடுத்தாள்.

எனக்குச் சத்தமான தொண்டை. இருபத்தைந்து வருடம் தொடக்கப் பள்ளியில் கத்திக் கத்தி வளர்த்தது. எங்கள் கோயிலின் பெண்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடத்துவதும் நான்தான். ஐயருக்கு (சபைப் போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஆறு ஊர்க் கோயில்கள் பொறுப்பு. வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கள் ஊருக்கு வர மாட்டார்.

என் ஜெபத்துக்கு ஊரில் நல்ல பெயர். விவரத்தோடு ஜெபிப்பேன். ஒரு அக்காவுக்கு மூட்டுவலி என்றால் எந்தக் கால், எந்த ஆஸ்பத்திரி, ஸ்கேனில் என்ன வந்தது என்பதுவரை ஆண்டவரிடம் சொல்லிவிடுவேன். "அவருக்கு அட்ரஸ் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் ஜெபிக்க வராது, அந்தப் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். குடி, செல்போன், ஆன்லைன் ரம்மி, வெளியூர் போன பிள்ளைகள் கோயிலை மறப்பது என்று வாராவாரம் காலத்தின் கேடுகளை வரிசையாகச் சொல்லி ஜெபிப்போம். அந்த வரிசையில் என் வீட்டுச் சமாச்சாரம் எதுவும் இல்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

நாத்தனார் வீடு எங்கள் தெருவிலேயே, இரண்டு வீடு தள்ளி. அவள் கணவர் டிராக்டர் டிரைவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். நல்ல மனிதர். சேற்றுழவு முடித்து வரும்போது வயல் நண்டு கிடைத்தால் எனக்கென்று தனியாக ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். குடிக்காத நாட்களில் அவரைப்போல ஒருவர் இந்த ஜில்லாவில் கிடையாது. அந்த நாட்கள்தான் குறைந்துகொண்டே வந்தன.

அந்த வருடம் புரட்டாசி கடைசியில், நடவு மும்முரமாக இருந்தபோது, திடீரென்று அவரைக் காணோம். "திருவிடைமருதூர்ப் பக்கம் வண்டி ஓட்டப் போயிருக்காரு, ஒரு மாசம் ஆகும்" என்று நாத்தனார் எல்லாரிடமும் சொன்னாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கையில் ஒரு ஈர்க்கை வைத்துக்கொண்டு அப்படியே அழ ஆரம்பித்தாள். அப்புறம்தான் நடந்ததைச் சொன்னாள்.

எங்கள் வீடுகளில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. சின்னப் பிள்ளைகளும் ஒரு வரியாவது ஜெபிக்க வேண்டும். நாத்தனார் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒருநாள் தம்பி குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தபோது உள்ளே பிள்ளை ஜெபித்துக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, இன்னைக்கு அப்பா வீட்டுக்கு வர வேணாம்." அம்மாக்காரி பிள்ளையை அதட்டவில்லை. ஆமென் சொல்லிவிட்டாள். வெளியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார். காலையில் குளித்துவிட்டு வந்து, "என்னைக் கொண்டுபோய்ச் சேத்துடு" என்றாராம். தஞ்சாவூருக்கு வெளியே இருந்த ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் அவள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"யாருக்கும் தெரியக் கூடாது அண்ணி. நீங்க ஜெபத்துல மட்டும் வச்சிக்கங்க" என்றாள்.

நாங்கள் வழக்கமாகச் சொல்வதுதான் அது. அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டில் முழங்கால் போட்டு எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அன்று நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் உண்மை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நடவு என்பதால் கோயிலில் பத்துப் பேர்கூட இல்லை. எனக்கு ஒரு யோசனை. கூரைமேல் இருக்கும் கூம்பு ஸ்பீக்கரை ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு மட்டும்தான் போடுவோம். வயலில் நிற்பவர்களும் ஜெபத்தில் சேர்ந்துகொள்ளட்டுமே என்று நானே போய் அந்த சுவிட்சைப் போட்டேன். குடியில் சிக்கிய குடும்பங்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். வார்த்தைகள் நன்றாக வந்துகொண்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் விசும்பினார்கள். அந்த விசும்பல் என் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று இன்னும் கொஞ்சம் என்றது. "எங்கள் சபையில் டிராக்டர் ஓட்டும் ஒரு சகோதரர்" என்றேன். பிள்ளையின் ஜெபத்தைச் சொன்னேன், துவைக்கிற கல்லைச் சொன்னேன், தஞ்சாவூரையும் சொன்னேன். எங்கள் சபையில் டிராக்டர் ஓட்டுகிறவர் ஒரே ஒருவர்தான்.

நாத்தனார் அப்போது கோயிலுக்குக் கிழக்கே, கணுக்கால் சேற்றில், பதினைந்து பெண்களோடு வரிசையாக நட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நேராக அந்த வயலுக்குத்தான் போகும். அங்கே நின்ற ஒருத்தி பிற்பாடு என்னிடம் சொன்னாள்: எல்லாருடைய கையும் நின்றுவிட்டது, யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாத்தனார் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கையிலிருந்த நாற்றுமுடி தீரும்வரை நட்டுவிட்டு, கரையேறி, கால்கூடக் கழுவாமல் நடந்தாளாம்.

என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு. சத்தம் போடவில்லை.

"நீங்க ஜெபம் பண்ணுங்க அண்ணி. ஏன் மைக்குல பண்ணுனீங்க?"

"நான் பேரு சொல்லலையே" என்றேன்.

சொல்லக் கூடாத பதில் என்று வாயை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "பேரு ஒண்ணுதான் பாக்கி வச்ச" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

கோபம் எனக்கும் வந்தது, அவர்கள் இருவர்மேலும். ஜெபித்தது குற்றமா, ஊரே அழுததே, நாலு குடும்பம் திருந்தாதா என்று அன்று முழுக்கப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். மறுநாள் கோபம் இறங்கியதும்தான் பயம் வந்தது. அவள் வீட்டுக்குப் போனேன். "தப்புதான். வர்ற வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணிடறேன்" என்றேன்.

"அதையும் மைக்குல சொல்லிடாதீங்க அண்ணி" என்று கதவைச் சாத்தினாள்.

அந்த ஞாயிறு கோயிலில் நற்கருணை. எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து முன்னால் போனபோது, மனத்தாங்கலோடு அதை வாங்கக் கூடாது என்று நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முழங்கால் வலி என்று நினைத்து இரண்டு பேர் தைலத்தின் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள். நாத்தனார் அன்று மதியம் தஞ்சாவூர் போய் நடந்ததைக் கணவரிடம் தானே சொல்லிவிட்டாள். திரும்பி வந்து எங்கள் வீட்டுக்குள் நுழையாமல், வாசலில் நின்றபடி அண்ணனிடம் மட்டும் பேசினாள். தம்பி அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வெளியே வருகிறார். ஆனால் ஊருக்கு வர மாட்டாராம். அங்கிருந்தே திருப்பூர் போய் ஏதாவது வேலை பார்க்கப்போகிறாராம்.

"தனியா ஒரு ரூம்ல இருந்தா மறுபடி ஆரம்பிச்சிடுவாருண்ணே" என்றாள். "புள்ளையும் ரெண்டு நாளா ஜெபத்துல வாயத் தொறக்கல."

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கணவரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் அவள் கையை விட்டுப் போகிறார்கள், சுவிட்சைப் போட்டது நான். அந்த வாரம் உபவாச ஜெபத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் பிள்ளையைத் தேடிப் போனேன். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, புங்க இலைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாக என்னைக் கண்டதும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும். அன்று இலையையே பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மதகில் உட்காரும் உடம்பில்லை எனக்கு.

"அத்தை உன் ஜெபத்தை எல்லாருக்கும் சொல்லிட்டேன்டா. தப்பு. மன்னிச்சிடு."

இரண்டு இலை போனது.

"சாமிகிட்ட கோவமா?"

இல்லை என்று தலையாட்டியது. இன்னொரு இலையை விட்டுவிட்டு, வாய்க்காலைப் பார்த்தே சொன்னது. "எல்லாரும் சாமி உன் ஜெபத்தைக் கேட்டுட்டாருங்கறாங்க அத்தை. நான் அப்பா வர வேணாம்னேன். அப்பா வரலை. இப்ப வரவே மாட்டாராம்." கையிலிருந்த இலையைக் கிழித்தபடி, "நான் இனிமே எதுவும் கேக்க மாட்டேன்" என்றது.

மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதுவரை அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது. கண்ணீர் ஓய்ந்த பிறகு, இதைத் தம்பியிடம் உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கால் துடித்தது. எழுந்தும் விட்டேன். பிறகு மறுபடி உட்கார்ந்தேன்.

"நீ சொன்னதை அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

மூக்கை உறிஞ்சியது. "அப்பாகிட்ட மட்டும்" என்றது. நான் எழுந்து நடந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டது. "மெதுவாச் சொல்லுங்க அத்தை."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். என் நினைவில் அதற்கு முன் நான் கோயிலைத் தவறவிட்டதே இல்லை. கருவாட்டுத் தொக்கு கிளறி எடுத்துப் போயிருந்தேன். வெளிச் சாப்பாடு கூடாது என்று வாசலில் நின்றவர் டப்பாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி இளைத்திருந்தார், கண் தெளிந்திருந்தது. "ஜெபம் பண்ணலாமா தம்பி?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"வேணாங்க்கா" என்றார்.

டப்பாவோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் இதேபோல் குடும்பங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன.

"நான் குடிக்கிறது ஊருக்குப் புதுசா? வரப்புல கெடந்தவனைத் தூக்கிட்டு வந்து போட்டவங்கதானே எல்லாரும்" என்றார். "புள்ளை சொன்னது எங்க மூணு பேருக்குள்ள இருந்துச்சுக்கா. அத மட்டும் விட்ருக்கலாம். நான் அங்க வந்து நின்னா அவளைப் பாக்கறவன்லாம் அதைத்தான் நெனப்பான்."

"தப்புதான் தம்பி" என்றேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில், மதகில் பிள்ளை சொன்னதை அது சொன்னபடியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கும் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எழுந்தவர், என் கையில் இருந்த டப்பாவைக் காட்டி, "என்னக்கா அது?" என்றார்.

"கருவாட்டுத் தொக்கு."

"சனிக்கிழம வரைக்கும் கெடாதில்ல?"

கெடாது என்றேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் இறங்கினார். அரசமரத்தடி டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் போய்ப் பையை வாங்கிக்கொண்டு, பூச்சிமருந்து விலையைப் பற்றி ஏதோ பேச்சுக் கொடுத்தபடியே கூட நடந்தார். நாலு வரி சேர்ந்தாற்போல் ஜெபிக்க வராத மனிதர். எனக்கு அவர்மேல் அன்று வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

சாயங்காலம் நாத்தனார் என் வாசலுக்கு வந்தாள். "தொக்கு எடுத்துட்டு வாங்க அண்ணி, ஜெபத்துக்கு" என்றாள். பதினைந்து நாள் கழித்து என்னிடம் பேசினாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் பாயில் உட்கார்ந்தோம். பிள்ளை அம்மா மடியோடு ஒட்டிக்கொண்டு அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஜெபம் பண்ணுங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

கண்ணை மூடினேன். எத்தனையோ வார்த்தைகள் வரிசைகட்டி வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன். "ஆண்டவரே, உங்களுக்குத் தெரியும்" என்றேன். அவ்வளவுதான்.

ஆமென் சொல்லலாமா, இன்னும் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது பிள்ளையின் குரல், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெதுவாக வந்தது.

"ஆண்டவரே, அப்பா வந்துட்டாங்க. இங்கயே இருக்கட்டும்."

எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு ஆமென் சொன்னது தம்பிதான்.