இடது கண்ணுக்காக வளைந்த கட்டை

கோயிலில் வெடிவழிபாடு நடக்கிறது. கதினா என்ற இரும்புக் குழல்வெடியின் புகை வயலைக் கடந்து என் மேசை வரைக்கும் வந்துவிட்டது. கந்தகம், கரி, அடியில் கொஞ்சம் ஈரமண். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது தோள் தானாக ஒரு விரற்கடை பின்வாங்குகிறது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு எத்தனையோ மறந்து போயிற்று. தோளுக்கு ஒன்றும் மறக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்துநான்கு. அப்பா நெய்யாற்றின்கரைத் தாலுகாக் கச்சேரியில் குமஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். அதே கச்சேரியில் எனக்கும் ஓர் இடம் பேசி வைத்திருந்தார். எனக்கோ உட்கார்ந்தால் கால் அரிக்கும். காற்றுக்கும் எனக்கும் ஏதோ பழைய உறவு. அது எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன். கொல்லயிலில் பாறைக்குன்றின் அடியில் சும்மா கிடந்த எங்கள் நிலத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, நட்டுக்கொள்கிறேன் என்றேன். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"ஒரு வெளச்சல். கெழங்கு வீடு வந்து சேந்தா நீ வெவசாயி. வரல்லேன்னா மறுநா கச்சேரி. சம்மதமா?"

"சம்மதம்."

பன்றிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கிழங்கு பிடிக்கத் தொடங்கியதும் குன்றிலிருந்து இறங்கி வந்து செடியின் அடியைத் தோண்டித் தின்றன. தகரம் அடித்தோம். முதல் நாள் ஓடின. நான்காம் நாள் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே தின்றன. ஒரு மூலை முழுக்க உழுததுபோல் ஆயிற்று. ஒவ்வொரு குழியிலும் எனக்கு ஒரு கச்சேரி நாற்காலி தெரிந்தது.

வீட்டில் ஒரு தோக்கு உண்டு. லைசென்ஸுள்ள பழைய கேப்புத் துப்பாக்கி. குழாய் வழியாக மருந்தைப் போட்டு, தேங்காய் நாரைத் திணித்து, ஈயத்தை இட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். எங்கள் வீடு சைவ வீடு. சாப்பாட்டு வேளையில் பன்றி என்ற சொல்லே வரக்கூடாது; "அந்த மிருகம்" என்பாள் அம்மா. ஆகையால் அந்தத் தோக்குக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் வேலை. ஆயுத பூஜையன்று சந்தனமும் செம்பருத்தியும் வாங்கிக்கொண்டு சாமி அறையில் படுத்திருக்கும்.

முப்பது அடி தூரத்தில் ஒரு பாறைமேல் பழைய பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டுப் பழகினேன். பானைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பானைக்கு இடப்பக்கம் இருந்த சேம்பிலை கிழிந்தது. மறுநாள், இடப்பக்கத்து வாழைத்தண்டு. மூன்றாம் நாள், இடப்பக்கத்துப் பனையில் தொங்கிய, பதநீர் நிறைந்த அக்கானிக் கலயம். இனிப்பெல்லாம் மரத்தில் வழிந்து எறும்புக்குத் திருவிழா. பனையேறி இடுப்பில் கைவைத்து வந்து நின்றார்.

"அக்கானி வேணும்னா கேட்டா தரமாட்டனா? சுட்டுத்தான் எடுக்கணுமா?"

அன்றுமுதல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எனக்கு வலப்பக்கமாகவே உட்கார்ந்தார்கள்.

தோக்குக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்று அம்மா தீர்மானித்தாள். உப்பும் மிளகாயும் அதைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. "பாத்தியா, கண்ணுதான்" என்றாள். கண்தான் காரணம் என்பதில் அம்மாவுக்குத் தப்பில்லை. யாருடைய கண் என்பதில்தான் தப்பு.

குழாய்தான் வளைந்திருக்கும் என்று நான் நினைத்தேன். மிஷன் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த கூட்டாளி ஒருவன் கோயிலடியில் தச்சுவேலை செய்துகொண்டிருந்தான். அவர்களுக்குக் கோயில் என்றால் மணிக்கூண்டு வைத்த வேதக்கோயில். நேர்கோட்டைத் தவிர வேறெதையும் மதிக்காதவன். தோக்கை அவனிடம் நீட்டினேன். பலகையின் ஓரம் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிக் குழாயோடு ஓட்டினான்.

"கொழல் நேராத்தான் உண்டு. நீயே பாரு."

நான் வாங்கிப் பார்த்தேன். அவன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எலே மக்கா, நீ எந்தக் கண்ணுல வச்சுப் பாக்க?"

அப்போதுதான் கவனித்தேன். இடது கண்ணில் வைத்திருந்தேன்.

"ரெண்டு கண்ணயும் தொறந்து வச்சு, அந்த மணிக்கூண்ட வெரலால காட்டு. ஆங். இனி வலது கண்ண மட்டும் கையால பொத்து."

பொத்தினேன். விரல் மணிக்கூண்டிலேயே நின்றது.

"இனி எடத பொத்து."

பொத்தினேன். மணிக்கூண்டு என் விரலை விட்டு ஓரெட்டு நகர்ந்து போயிற்று. கர்த்தரின் வீட்டையே நகர்த்திவிட்ட பயம் எனக்கு.

"பிடிக்கது வலது கை. பாக்கது எடது கண்ணு. ரெண்டும் ரெண்டு வழிக்குப் போனா ஈயம் எங்க போவும்? பனைக்குத்தான்."

இடது கண்ணைத் தனியாக மூட எனக்கு வராது. மூடினால் இரண்டும் சேர்ந்தே மூடும். அதன்மேல் வெற்றிலையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பார்த்தோம். வலது கண்ணுக்கு உலகம் முழுவதும் மோர் ஊற்றியதுபோல் இருந்தது. வரப்பில் இடறி மரச்சீனிக்குள் விழுந்தேன். சரி, இடது தோளில் வைத்துச் சுடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்தே விட்டார்.

"பூசையில வச்ச சாமானமாக்கும் அது. எடது கையால விபூதி வாங்குவியா? எடது தோளுல ஏத்தினா அது பின்ன இந்த வீட்டுக்குள்ள வரண்டாம். நீயும் வரண்டாம்."

கூட்டாளியிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் அவன் மரம் மரமாகத் தேடி அலைந்தான். மூன்றாம் நாள் இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஒரு பலாக்கொம்போடு வந்தான்.

"வளஞ்சத நேராக்கியே வளந்தவன் நான். உனக்காகத் தோக்க வளைக்கப் போறேன். கர்த்தர் பொறுக்கட்டும்."

பழைய பின்கட்டையைக் கழற்றிப் புதியதைச் செதுக்கினான். அதன் அடி என் வலது தோளில் உட்காரும். அங்கிருந்து மரம் தாடைக்குக் கீழே ஆறுபோல் இடம் திரும்பி, குழாயைக் கொண்டுபோய் இடது கண்ணின் முன்னால் நிறுத்தும். கையும் தோளும் வலது, கண் மட்டும் இடது. அப்பாவின் சொல்லும் கெடவில்லை. பனையேறி பார்த்துவிட்டுக் கேட்டார்: "எலே, தோக்குக்குக் கழுத்து சுளுக்கிட்டோ?"

கூலி பேசினபோது, "அந்த மிருகம் விழுந்தா எனக்கு. உங்க வீட்டுக்கு எப்படியும் ஆவாது" என்றான்.

ஒரு விடியற்காலம். மரச்சீனி இலைகள் பனியை ஏந்தியபடி கை விரித்து நின்றன. குன்றிலிருந்து ஒரு கறுப்பு இறங்கி வந்தது. வரப்பில் நின்று, வீட்டுக்காரன்போல் சுற்றிப் பார்த்தது. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தேன். குழாய் நுனியின் சிறு மணி, தேடிக் கிடைத்த சொல் வரியில் உட்காருவதுபோல, அதன் தோளில் போய் உட்கார்ந்தது. விசையை இழுத்தேன். புகை விலகியபோது அது ஒரு செடியின் அடியோடு ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. தோக்கை வரப்பில் வைத்தேன். சந்தோஷம்தான், ஆனாலும் நேரே ஆற்றுக்குப் போய் மூன்று முறை முங்கினேன். அன்று தச்சன் வீட்டு அடுப்புப் புகை மிஷன் வளாகத்தையே கூட்டிக்கொண்டு வந்ததாம்.

மற்றப் பன்றிகள் அந்த வருஷம் குன்றை விட்டு இறங்கவில்லை. கிழங்கு வண்டியேறி வீட்டு முற்றத்துக்கு வந்தது. அப்பா அவித்த கிழங்கைக் காந்தாரி மிளகாயில் தொட்டுத் தின்றார். கை கழுவிய பிறகு, "கச்சேரிக்கு எழுதி விட்டாச்சு. ஆள் வராதுன்னு" என்றார். பிறகு, "அந்த நொண்டிச் சாமானத்த எடு, பாப்பம்" என்றார்.

வாங்கி வலது தோளில் வைத்தார். தாடை தானாகத் தாழ்ந்தது. வெகுநேரம் அசையாமல் நின்று தென்னையின் உச்சியைப் பார்த்தார். மேல்துண்டால் துடைத்துத் திருப்பித் தந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கூட்டாளி மலைத் தோட்டத்தில் கொட்டகை கட்டப் புறப்பட்டான். பாறசாலை ரோட்டில் மாட்டுவண்டி நின்றது. நான் வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து அவன் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். யாரையும் வழியனுப்பி வழக்கமில்லாத அப்பா குடையோடு வந்து இந்தப் பக்கம் நின்றார். குரல் தணிந்திருந்தது.

"வர எத்தன மாசமாவும்டே?"

"மூணு மாசமாவும், அய்யா."

"வரும்போ அவன் தோக்குல உள்ளதுபோல இன்னொரு கட்டை கொண்டு வரணும். இத்திரி நீளமா, ஒரு வெரல் கூடுதலா."

"ஆருக்கு, அய்யா?"

"எனக்காக்கும். கச்சேரியில இருந்த காலத்துல நானும் ஒரு காக்காயச் சுட்டேன். எடது பக்கத்து வீட்டு ஓடு போச்சு."

கூட்டாளி வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினான். வண்டியும் நகரத் தொடங்கியது. அப்பா பதறிக்கொண்டு இரண்டெட்டு கூடவே நடந்தார்.

"சவமே, பைய சிரிடே. அவன் அந்தப் பக்கம் நிக்கான்."